குதிகால்

கோவில்பட்டியைச் சுற்றிப் பிறந்த பையனுக்கு ஹாக்கி மட்டை எப்படியாவது கைக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது. மட்டையால்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது. உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கும் அதுவே வழி விட்டது. ஆனால் பசுவந்தனைப் பக்கத்தில் நான் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஹாக்கி மட்டை ஒன்றுகூட இல்லை. பீரோவைத் திறந்தால் காற்றுப் போன பந்துகள், கிழிந்த வலை, துருவேறிய இரும்புக் குண்டு, அப்புறம் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த ஒரு வட்டு. மர வட்டு, சுற்றிலும் இரும்புப் பட்டை. ஒரு கிலோ எடை, மாணவிகள் எறிகிற அளவு. பட்டையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வாங்கி வைத்த நாளிலிருந்து அதை யாரும் எறிந்ததில்லை.

வட்டெறிதலைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு படம்தான். சிவகாசியில் அச்சாகி வருகிற விளையாட்டு விழாச் சான்றிதழ்களின் மூலையில் அது இருக்கும். கேடயங்களில் தகடாகப் பதித்திருப்பார்கள். ஆடையில்லாத ஓர் இளைஞன், முழங்கால் மடங்கி, இடுப்பு முறுகி, வட்டு ஏந்திய வலக்கை பின்னால் ஏறியிருக்க, இடக்கை வலது முழங்காலருகே தொங்க, தரையைப் பார்த்துக் குனிந்து நிற்பான். நான் ஹாக்கியில் வாங்கிய சான்றிதழ்களிலும் அவன்தான் நின்றான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவன் மேல் ஒரு மயக்கம். ஒரு பத்திரிகையில் அவனுடைய படம் பெரிதாக வந்தபோது வெட்டி அட்டையில் ஒட்டி, பீரோக் கதவின் உள்பக்கம் மாட்டி வைத்தேன். அது கிரேக்கச் சிலை என்று தெரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் மைரான் என்ற சிற்பி அதை வெண்கலத்தில் வார்த்தார் என்பதோ, அந்த வெண்கலம் எப்போதோ அழிந்துபோய் ரோமானியர்கள் பளிங்கில் செய்துவைத்த நகல்கள்தான் மிஞ்சின என்பதோ தெரியாது.

பிள்ளைகளை அந்த வட்டின் பக்கம் இழுக்க எனக்கு ஒரு நல்ல துணை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தூர்தர்ஷனில் மகாபாரதம் ஓடிய காலம் அது. மொழி புரியாவிட்டாலும் பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கும். அதில் பீமனாக வந்த பிரவீன் குமார் உண்மையிலேயே வட்டெறி வீரர், 1966-லும் 1970-லும் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டிகளில் தங்கம் வாங்கியவர் என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன். மறுநாளே பையன்கள் வட்டைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தில் நடந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சாவடி ஓரத்தில் இளவட்டக்கல் கிடக்கிற சீமை இது. கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்பக்கமாகப் போடுகிறவனைத்தான் பலசாலி என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். கனத்தைத் தூக்குவதுதான் பலம் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்தது. ஆகவே உடம்புள்ள பிள்ளைகளாகத் தேடினேன்.

அந்தப் பிள்ளையைப் பார்க்கும்வரை அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசி. மானாவாரிச் சோளம் கதிர் பிடித்து நிற்கிறது. சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஒரு புஞ்சையில் பரண் மேலே எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி நின்று குருவி விரட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, நீளமான கை. கவணில் கல்லை வைத்துச் சுழற்றுகிறாள். தகரம் தட்டுவார்கள், கூப்பாடு போடுவார்கள், அதெல்லாம் சாதாரணம். இவள் கவண் வீசியது வேறு மாதிரி இருந்தது. முதலில் கால் திரும்புகிறது, பிறகு இடுப்பு, பிறகு தோள். கை எல்லாவற்றுக்கும் பின்னால் தங்கி, கடைசியில் வருகிறது. கவணின் ஒரு முனை விரலில் மாட்டியிருக்கும், மறுமுனையை விட வேண்டிய கணத்தில் விட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கல் எங்கேயோ போய்விடும். அவளுடைய கல் குருவிக் கூட்டம் இறங்குகிற இடத்துக்கே போனது. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தேன். அன்றைக்கு என் கண் சரியாகத்தான் வேலை செய்தது. அவளைத் தேர்ந்தெடுத்ததில் நான் தவறவில்லை. அதற்கு அப்புறம் செய்ததெல்லாம்தான்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவளை மைதானத்துக்கு வரச்சொன்னேன். விரல்களின் நுனிக்கணு விளிம்பில் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் வட்டின் மேல் சும்மா படிந்திருந்தால் போதும் என்று காட்டினேன். வாங்கினாள், இரண்டு தடவை முன்னும் பின்னும் ஆட்டினாள், இடது காலில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டாள். வட்டு மைதான எல்லையைத் தாண்டி வேலிக்கருவைக்குள்ளே போய் விழுந்தது. நாங்கள் முள்ளுக்குள் நுழைந்து தேடி எடுத்தோம். அளந்து பார்த்தால் 26 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்ட பதினாலு வயதுப் பிள்ளை!

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. அடுத்த எறி வலப்பக்கம் கோட்டுக்கு வெளியே போனது, அதற்கடுத்தது இடப்பக்கம். எறிகிறவரைச் சுற்றிக் கட்டும் வலைக்கூண்டு எங்களிடம் கிடையாது. மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும். சிமெண்ட் வட்டம் கிடையாது, சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடுதான். கரிசல் தரை எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எறிந்த வட்டு விளிம்பு குத்தி வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் கையை விட்டுத் துழாவ வேண்டும். மழை பெய்தால் அப்பிக்கொண்டு காலை விடாது. அதில் சுற்றினால் கணுக்கால் போய்விடும் என்று நினைத்தேன். இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நின்ற காரணத்தை நான் அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவள் எறிந்தது பீரோக் கதவில் இருந்த படம் மாதிரி இல்லை.

ஆகவே அவளை நிறுத்தினேன். காலை அகட்டி வை, முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு, கையைப் பின்னால் உயர்த்து, கீழே பார். அப்படியே நில். நான் சொன்னதும் விடு. கீழே பார் என்பதை அழுத்திச் சொல்வேன், படத்தில் அவன் கீழேதான் பார்க்கிறான். அவளுக்கு வரவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே இடது குதிகால் தானாக எழும்பும், உடம்பு திரும்பப் பார்க்கும். நான் பக்கத்தில் பிரம்போடு நிற்பேன். அடித்ததில்லை. அந்தக் குதிகாலுக்கு ஓரமாக மண்ணில் ஒரு தட்டுத் தட்டுவேன். "குதிகாலைத் தூக்காதே." அவள் கீழே இறக்குவாள். மறுபடி எழும்பும். மறுபடி தட்டுவேன்.

"சுத்துனாத்தான் சார் கை போகுது. நின்னுக்கிட்டு எறிஞ்சா கை வரமாட்டேங்கு."

"முதல்ல நிக்கப் படி. சுத்துறதெல்லாம் அப்புறம்."

அந்த அப்புறம் வரவே இல்லை. நின்று எறிந்து பழகுவதே பிழை என்று சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதையே முடிவாக்கினவன் நான். அவள் சில மாதத்தில் நிற்கக் கற்றுக்கொண்டாள். அச்சாக அந்தப் படம் மாதிரியே நின்றாள். தூரம் குறைந்தது. 22, 22-க்குக் கொஞ்சம் மேலே, சில நாள் 21. ஆனால் ஒவ்வொரு எறியும் கோட்டுக்குள் விழுந்தது. கட்டுப்பாடு வந்துவிட்டது, தூரம் தானாக வரும் என்று நினைத்தேன். அதோடு நான் வட்டத்தை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் போட்டுக் கிழக்கே பார்த்து எறியவைத்தேன். ஆடியில் எங்கள் பக்கம் மேல்காத்து எப்படி அடிக்கும்! அது முதுகுப் பக்கமிருந்து வட்டைத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்பது என் கணக்கு.

சுதந்திர தின விழாவில் அவளைச் சிலையாகவே நிறுத்தினேன். முகத்திலும் கையிலும் வெள்ளைப் பவுடர் பூசி, மேடை நடுவில் வட்டோடு. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பேச்சுகள் முடிகிறவரை அசையாமல் நின்றாள். காற்று பாவாடையைப் பிடித்து இழுக்கிறது, அவள் அசையவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வந்திருந்த பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். என் ஆசிரியர் வாழ்க்கையில் அவ்வளவு பாராட்டு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. அந்தப் பிள்ளைக்குக் கை எப்படி வலித்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

மாவட்டத்துக்குச் சிதம்பரனார் பெயர் இருந்த காலம். மாவட்டப் போட்டி தூத்துக்குடியில். அங்கே சிமெண்ட் வட்டம் இருந்தது. நான் கோட்டுக்கு வெளியே அவளுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டேன். அவள் உள்ளே போனாள், கால் அகட்டினாள், கையை உயர்த்தினாள், கீழே பார்த்தாள், எறிந்தாள். 22-ஐ ஒட்டி விழுந்தது. அவளுக்கு அப்புறம் வந்த பிள்ளை ஒன்று, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி எறிந்தது. அதுவும் பெரிய தூரமில்லை, 24 மீட்டர் சொச்சம். முதலிடம் அதற்கு. முதலாவதாக வந்தவர்கள்தான் மேலே போக முடியும். எங்களுக்கு மூன்றாம் இடம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழ் மடியில் இருந்தது. எட்டயபுரம் தாண்டினதும் கேட்டாள்.

"சார், அந்தப் பிள்ள சுத்துச்சுல்லா?"

"அவங்களுக்குச் சிமெண்ட் தரை இருக்கும்மா. தினம் அதுல பழகுறாங்க. நமக்கு இல்லையே."

அன்றைக்கு நான் சொன்னது அவ்வளவுதான். முதல் நாள் அதே கரிசலில், வெறுங்காலோடு, அவள் சுற்றி எறிந்து அந்த 24-ஐத் தாண்டியிருந்தாள். அளந்தவன் நான். அந்தப் பஸ்ஸில் அந்த எண் என் நினைவுக்கு வந்தது. வந்தும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த வருஷம் பத்தாவது முடித்ததும் நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவளுடைய அப்பா என்னை உட்காரவைத்து மரியாதையாகத்தான் பேசினார். ஸ்டேட் வரைக்கும் போயிருந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், சாப்பாடும் படிப்பும் அங்கேயே என்று நான்தான் முன்பு அவரிடம் ஆசை காட்டியிருந்தேன். "அதான் இல்லைன்னு ஆயிப்போச்சே சார். இனிமே எதுக்கு?" மறுவாரத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேன் விடியக்கருக்கலில் வந்து மற்றப் பிள்ளைகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போனது. கட்டையில் குச்சி அடுக்கும் வேலை. அந்த வருஷம் பருத்தியும் காய்ந்து போயிருந்தது, அவருக்கும் வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வருஷங்கள் கழித்துச் சென்னையில் ஒரு புத்தாக்கப் பயிற்சிக்குப் போயிருந்தேன். எறிதல் பிரிவுக்கு வந்த பயிற்சியாளர் ஒரு வீடியோ நாடாவைக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம், வெக்கை, மின்விசிறிச் சத்தம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு வீராங்கனை ஒருத்தி எறிவதை மெதுவாக ஓட்டி ஓட்டி நிறுத்தினார். முதல் நிறுத்தம், கை பின்னால் உச்சிக்குப் போயிருக்கிற கணம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் படம் அங்கே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாடா நகர்ந்தது, அந்த நிலை போய்விட்டது. திரும்பவும் ஓட்டச் சொன்னேன். மெதுவாக ஓட்டியும் அது நிற்கவில்லை. கண் பிடிப்பதற்குள் வேறொன்றாகிவிட்டது.

அவர் அடுத்த இடத்தில் நிறுத்தினார். "எறிதல் தொடங்குகிற இடம் இதுதான். கையைப் பார்க்காதீர்கள், கீழே பாருங்கள்" என்று ஒரு குச்சியால் திரையின் அடிப்பக்கம் தட்டினார். இடது காலின் குதிகால். தரையிலிருந்து எழும்பி, முன்பாதத்தின் மேல் கால் திரும்ப ஆரம்பித்திருந்தது. குச்சி அந்தக் குதிகாலுக்கு ஓரமாகவே இருந்தது.

அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். வெடிப்பு ஓடி, கரிசல் அப்பி, ஓரத்தில் முள்ளுத் தழும்பு உள்ள குதிகால். எத்தனை சாயங்காலம் அதற்குப் பக்கத்தில் இதே மாதிரிக் குச்சியை வைத்துத் தட்டியிருக்கிறேன். தட்டினால் மண் கொஞ்சம் தெறிக்கும், குதிகால் இறங்கும், ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் மறுபடி எழும்பும். அது அடங்காமல் எழும்பியதை நான் கவனக்குறைவு என்று நினைத்தேன். தரையில் கால் திரும்பி, அந்தத் திருப்பம் இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, கடைசியில் கைக்கு வருவதுதான் வட்டெறிதல் என்று அந்த மனிதர் விளக்கிக்கொண்டிருந்தார். விளக்கம் எனக்குக் கேட்டது, ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது பரண் மேல் நின்ற பிள்ளையை. அவளிடம் அது எல்லாம் ஏற்கெனவே இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அறையில் விளக்குப் போட்டார்கள். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் அந்தச் சிலையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லாமல், ஒரு குற்றத்தை விசாரிக்கிற மாதிரி படித்தேன்.

முதல் நவீன ஒலிம்பிக் 1896-இல் ஏதென்ஸில் நடந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் கேரட் வட்டைக் கண்ணால் கண்டதில்லை. பழைய நூல் விவரங்களை வைத்து ஒரு கொல்லரிடம் செய்து வாங்கினார். அது கிட்டத்தட்ட 13 கிலோ இருந்தது. தூக்கிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். ஏதென்ஸ் போய் இறங்கின பிறகுதான் நிஜ வட்டு இரண்டே கிலோ என்று பார்த்தார். சரி என்று கலந்துகொண்டு 29.15 மீட்டர் எறிந்து, கிரேக்கர்களுடைய விளையாட்டில் கிரேக்கர்களை முந்தி முதலாவதாக வந்தார். கனம்தான் பலம் என்று நினைத்தது எங்கள் இளவட்டக்கல் ஊர் மட்டுமில்லை.

அடுத்தது 1900, பாரிஸ். பொஹீமியாவிலிருந்து வந்த பிரான்டிசேக் யாண்டா-சுக் இரண்டாம் இடம் பெற்றார். ஒலிம்பிக்கில் முழுதாகச் சுற்றி எறிந்த முதல் ஆள் அவர். அந்த முறை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு விளையாட்டு வரலாற்றில் சொல்லப்படுவது, மைரானுடைய சிலையை உற்றுப் பார்த்ததிலிருந்து வந்தது என்பதுதான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே சிலை. முறுக்கிக்கொண்டு நிற்கிற அந்த இடுப்பைப் பார்த்து, இது எங்கிருந்தோ சுற்றி வந்திருக்கிறது, எங்கேயோ சுற்றிப் போகப்போகிறது என்று அவர் ஊகித்திருக்கிறார். எனக்கு ஊகிக்க வேண்டிய தேவைகூட இல்லை. என் கண் முன்னால் ஒரு பிள்ளை சுற்றிக் காட்டினாள்.

என்னைப் போலச் செய்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 1906-இல் ஏதென்ஸிலும் 1908-இல் லண்டனிலும் ‘கிரேக்க முறை’ என்றே தனியாக ஒரு வட்டெறிப் போட்டி வைத்தார்கள். சரிவான ஒரு மேடை மேல் நின்று, பழைய சிலை நிற்கிற மாதிரி நின்று, சுற்றாமல் எறிய வேண்டும். லண்டனில் இரண்டு முறையிலும் வென்றவர் ஒரே ஆள், மார்ட்டின் ஷெரிடன். இஷ்டப்படி எறிந்தபோது 40.89 மீட்டர். சிலை மாதிரி எறிந்தபோது 38-ஐ ஒட்டி. அதே கை, அதே ஊர். அதற்குப் பிறகு கிரேக்க முறையை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எங்கள் மைதானத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பீரோவில் மாட்டியிருந்த படம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிற நகலுடையது. ரோமுக்குப் பக்கத்தில் திவோலியில், ஹேட்ரியன் பேரரசனின் மாளிகை இடிபாட்டில், 1790-களின் தொடக்கத்தில் கிடைத்தது. சார்லஸ் டவுன்லி என்ற சேகரிப்பாளர் வாங்கினார். அதைச் செப்பனிட்டவர்கள் தலையைத் தவறாக ஒட்டிவிட்டார்கள். முகம் தரையைப் பார்க்கிறது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1781-இல் ரோமிலேயே கிடைத்த இன்னொரு நகலில் தலை சரியாக இருக்கிறது. அது இப்போது ரோம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் அவன் முகத்தைத் திருப்பி, பின்னால் போன தன் கையை, வட்டைப் பார்க்கிறான். பழங்காலத்தில் அந்தச் சிலையை வர்ணித்த லூசியனும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். கீழே பார், கீழே பார் என்று நான் அந்தப் பிள்ளையின் பிடரியில் கைவைத்துத் திருப்பினேனே, அது மைரான் சொன்னதுகூட இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ செய்த ஒட்டுவேலை.

காற்றைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வட்டு கல் மாதிரி போய் விழுகிற பொருள் இல்லை. ஆள்காட்டி விரலை உருட்டிக்கொண்டு கடைசியாகக் கையை விட்டுப் போகும்போது அதற்கு ஒரு சுழற்சி கிடைக்கிறது. அந்தச் சுழற்சி அதைச் சாயாமல் வைத்திருக்கும். எதிரே வருகிற காற்று அடியில் புகுந்து, விமானத்தின் இறக்கையைத் தூக்குகிற மாதிரி தூக்கும். முதுகில் தள்ளுகிற காற்றில் வட்டு சீக்கிரம் இறங்கிவிடும். குறுந்தூர ஓட்டப் பந்தயத்தில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் சாதனையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வட்டெறிதலில் அப்படிக் காற்றுக் கணக்கே கிடையாது. ஆண்களில் இன்றைக்குப் பேசப்படும் பெரிய தூரம் லிதுவேனியாவின் மைகோலஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் எறிந்த 75.56 மீட்டர். எறிந்த இடம் பெரிய ஒலிம்பிக் அரங்கம் இல்லை, அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ராமோனா என்கிற சிற்றூர். நல்ல எதிர்காற்றுக்காகவே எறிகிறவர்கள் அங்கே தேடிப் போகிறார்கள். ஆடி முழுக்க மேல்காத்தைச் சும்மா வீணடித்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளை எறியவைத்த மைதானத்தை நினைத்துக்கொண்டேன். கிரேக்கக் கதையிலும் மேல்காத்து வருகிறது. அப்போலோ எறிந்த வட்டைப் பொறாமையால் திருப்பி, அவன் பிரியம் வைத்திருந்த ஹயசிந்தஸ் மேல் விழச் செய்தது செஃபிரஸ் என்ற மேற்குக் காற்றுத் தெய்வம்தானாம். வட்டும் காற்றும் பிரிக்க முடியாதவை என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பியதும் வட்டத்தை மைதானத்தின் கிழக்கு ஓரத்துக்கு மாற்றினேன், மேற்கே பார்த்து. பழைய மீன்வலையை வாங்கி, சவுக்குக் கம்பு நட்டு, கூண்டு மாதிரி ஒன்று கட்டினோம். ஊரில் கொத்து வேலை செய்கிற ஒருவர் மிச்சச் சிமெண்டைக் கொண்டுவந்து இரண்டரை மீட்டர் விட்டத்தில் வட்டமாகத் தளம் போட்டுக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. செலவு எவ்வளவு குறைவு என்று பார்த்தபோது வேறு மாதிரி வலித்தது. எனக்குப் பிரம்பு பிடிக்கிற பழக்கம் அப்போது போனதுதான். பிள்ளைகளை முதலில் எறியவிட்டு, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். சில பேர் டிவிஷன் வரை போனார்கள், சில பேர் மாநிலப் போட்டிக்கும் போனார்கள். ஒவ்வொரு முறையும் சந்தோஷம் முழுசாக வந்ததில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, பசுவந்தனை கைலாசநாதர் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். அவள்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு, "சார், நல்லாருக்கீங்களா?" என்று வந்து நின்றாள். பக்கத்தில் காலேஜ் படிக்கிற மகள். இன்னும் தீப்பெட்டி ஆபீஸ்தான், இப்போது கணக்குப் பார்க்கிற வேலை என்றாள். கோயில் மதிலோரம் நிழலில் உட்கார்ந்தோம். என்றைக்காவது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். குதிகாலைப் பற்றி, காற்றைப் பற்றி, பஸ்ஸில் நான் சொல்லாமல் விட்ட எண்ணைப் பற்றி. லண்டன் சிலையின் தலையைப் பற்றியும் சொன்னேன். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வட்டு எறிந்தவள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும் போலிருந்தது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அந்தத் தலைய இன்னும் சரி பண்ணலையா சார்?" என்றாள்.

"இல்லம்மா. அப்படியேதான் வச்சிருக்காங்க. தலை தப்பாத் திரும்பியிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்."

கொஞ்சநேரம் கையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு அப்போவே தெரியும் சார், சுத்துனாத்தான் தூரம் போகும்னு. நீங்க வீட்டுக்குக் கெளம்புனதும் நாங்க பிள்ளைகளாச் சேந்து சுத்தி எறிவோம். அடி வச்சு அளந்துகூடப் பாத்தோம். எப்ப எறிஞ்சாலும் உங்க கோட்டத் தாண்டித்தான் விழும்."

"அப்ப தூத்துக்குடியில ஏம்மா அப்படி எறியல? அங்க சிமெண்ட் தரையும் இருந்துச்சே."

"நீங்க பக்கத்துல நின்னீங்கள்லா சார்."